சாஃப்ட்வேர் பிளான் மாற்றும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கும்பகோணத்துப் பாத்திரக் கடையின் பில்லிங், மயிலாடுதுறை ஸ்டுடியோவின் ஃபோட்டோஷாப், திருவாரூர் டியூஷன் சென்டரின் ஜூம், மன்னார்குடி உரக்கடையின் கணக்கு என்று பெரும்பாலான சாஃப்ட்வேர் இப்போது மாதச் சந்தாவிலோ வருடச் சந்தாவிலோதான் ஓடுகிறது. வாங்கும் நாளில் வராத தொல்லை, சின்ன பிளானிலிருந்து பெரிய பிளானுக்கோ பெரியதிலிருந்து சின்னதுக்கோ மாறும் நாளில் வந்துவிடுகிறது.

பிளான் மாறுவதற்குள் மூன்று வேலை அடங்கியிருக்கிறது. காசு போய்ச் சேர வேண்டும். லைசென்ஸ் உங்கள் பெயரில் ஏற வேண்டும். ஏற்கெனவே சேர்த்து வைத்த ஃபைல்கள் புதிய பிளானின் அளவுக்குள் அடங்க வேண்டும். இவை ஒரே நேரத்தில் நடப்பதில்லை. எது சிக்கியிருக்கிறது என்று பார்க்காமல் மறுபடியும் காசு கட்டிவிடுவதால்தான் பலருக்கு நஷ்டம் வருகிறது. காரணம் தெரியும்வரை இரண்டாவது முறை பணம் கட்டாதீர்கள்.

கீழே எதைத் தொடங்கும் முன்னும் நான்கு விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சந்தா எந்த மெயில் ஐ.டி.யில் இருக்கிறது, எங்கே வாங்கியது (கம்பெனி வெப்சைட்டா, பிளே ஸ்டோரா, ஆப் ஸ்டோரா, டீலரா), அடுத்த பில் தேதி, மாதத்துக்கு மாதம் போவதா, வருட ஒப்பந்தமா. பில்லிங் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். மாற்றிய பிறகு பழைய விவரம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும் என்று நம்ப முடியாது.

## காசு போய்விட்டது, பழைய பிளானே காட்டுகிறது

முதலில் கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு வெப்சைட்டில் லாகின் செய்து பில்லிங் பக்கத்தைப் பாருங்கள். அங்கே புதிய பிளான் இருந்து, ஆப்பில் மட்டும் பழையது காட்டினால் ஆப்பில் லாக் அவுட் செய்து, முழுவதும் மூடி, மறுபடி லாகின் செய்தால் போதும். வேர்டு, எக்செல் என்றால் ஃபைல், அதற்குள் அக்கவுன்ட் போய்ப் பாருங்கள். எந்த ஐ.டி., எந்த பிளான் இரண்டும் அங்கே இருக்கும்.

வெப்சைட்டிலும் பழையதே காட்டினால், அடுத்த சந்தேகம் மெயில் ஐ.டி. மேல். கடை கம்ப்யூட்டரில் முதலாளி மெயில், பில் போடும் பையன் மெயில், பழைய ஆடிட்டருக்காகத் திறந்த மெயில் என்று மூன்று நான்கு ஐ.டி. ஒரே பிரவுசரில் கிடக்கும். காசு கட்டியது ஒன்றில், வேலை பார்ப்பது இன்னொன்றில். எந்த மெயிலின் இன்பாக்ஸில் ரசீது வந்திருக்கிறதோ அதுதான் பிளான் ஏறிய ஐ.டி. ஒவ்வொரு மெயிலிலும் இன்வாய்ஸ், ரெசிப்ட் என்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ஸ்பேம் ஃபோல்டரையும் விடாதீர்கள்.

ரசீது வந்திருக்கிறது, ஐ.டி.யும் சரி, ஆனாலும் ஊழியருக்கு மட்டும் பிளான் மாறவில்லையா? கம்பெனிகளுக்கான மைக்ரோசாஃப்ட் 365 பிளானில் லைசென்ஸ் வாங்குவது ஒரு வேலை, அதை ஆளுக்கு ஒதுக்குவது இன்னொரு வேலை. அட்மின் பக்கத்தில் யூசர்ஸ் திறந்து, அந்த ஆளின் பெயரில் பழைய லைசென்ஸ் டிக்கை எடுத்துவிட்டு, புதியதை டிக் செய்து சேமியுங்கள். புதிய லைசென்ஸ் யாருக்கும் ஒதுக்காமல் சும்மா கிடக்க, பழையதற்கும் சேர்த்துக் காசு போய்க்கொண்டிருப்பதும் நடக்கிறது.

ரசீதே வரவில்லை, வங்கியில் காசு மட்டும் போயிருக்கிறது என்றால் பணம் நடுவழியில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெட் அறுந்து அறுந்து வரும் நாட்களில் பேமென்ட் பக்கம் பாதியில் நிற்பது சகஜம். ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், பே பட்டனை மறுபடி அழுத்தாதீர்கள். யு.பி.ஐ. என்றால் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை எடுத்து வையுங்கள். கணக்கில் காசு குறைந்து, வணிகருக்கு உறுதி போய்ச் சேராத பரிவர்த்தனையை 5 நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும். இது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. காசு திரும்பிய பிறகு, அல்லது கம்பெனி "வந்துவிட்டது" என்று எழுத்தில் சொன்ன பிறகு, அடுத்த அடி வையுங்கள்.

5 நாள் தாண்டியும் காசு இரண்டு பக்கமும் இல்லையென்றால் உங்கள் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

## பணம் கட்டும் இடத்திலேயே நிராகரிக்கிறது

கார்டு அமைப்பு. 2020-இலிருந்து புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்., கடை மெஷின் இரண்டுக்கு மட்டுமே திறந்து வரும். ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் நீங்கள்தான் வங்கி ஆப்பில் ஆன் செய்ய வேண்டும். விலை டாலரில் காட்டும் சாஃப்ட்வேருக்கு இரண்டும் வேண்டும். அன்றாட வரம்பும் பில் தொகைக்கு மேல் இருக்கட்டும். ரூபே கார்டைப் பல வெளிநாட்டுத் தளங்கள் ஏற்பதில்லை. அதற்கு வேறு கார்டு வைத்துக்கொள்வதுதான் வழி.

15,000 ரூபாய்க் கோடு. ஆட்டோபே என்பது முதல்முறை ஓ.டி.பி. போட்டுவிட்டால் பிறகு தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. சாஃப்ட்வேர் சந்தாவுக்கு அது ஒரு தடவைக்கு ரூ.15,000 வரைதான். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓ.டி.பி. போட வேண்டும். இதில் பலர் தடுக்கி விழுவது வரியில். ரூ.12,999 என்று போட்ட வருடப் பிளானுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ரூ.15,338.82. மாதப் பிளானில் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது வருடப் பிளானுக்கு மாறியதும் நின்றுபோவதற்கு இதுவே காரணமாக இருக்கும். வரியோடு சேர்த்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டினால் புதுப்பிக்கும் நாளில் ஆள் உட்கார்ந்து ஓ.டி.பி. போட வேண்டும் என்று நாள்காட்டியில் எழுதுங்கள்.

பழைய மேண்டேட். மேண்டேட் என்பது காசைத் தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதி. ஆட்டோபே பதியும்போதே அதிகபட்சத் தொகை ஒன்று பதிவாகிவிடும். சின்ன பிளானுக்குப் பதிந்ததில் பெரிய பிளானின் தொகை அடங்காது. கூகுள் பே, போன்பே எதில் பதிந்தீர்களோ அதில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். குறைவாக இருந்தால் சாஃப்ட்வேர் பக்கத்தில் பேமென்ட் முறையை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் புதிய மேண்டேட் உருவாகும். கார்டு மாற்றி வாங்கியிருந்தாலும் இதே கதைதான்: 2022 அக்டோபரிலிருந்து கார்டு எண்ணை வணிகர்கள் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதில் அந்தக் கார்டுக்கான மாற்று எண்ணாக ஒரு டோக்கன்தான் இருக்கும். புதிய கார்டைப் புதிதாகச் சேர்த்துவிடுங்கள்.

நாடு பொருந்தவில்லை. டெல்டாவில் இது நிறைய. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அண்ணன் அங்கிருந்து திறந்து கொடுத்த அக்கவுன்ட்டில் இங்குள்ள கார்டைப் போட்டால் எடுக்காது, ஏனென்றால் அக்கவுன்ட்டின் நாடு இன்னும் அங்கேயே இருக்கிறது. பிளே ஸ்டோரில் நாட்டை வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம். ஆப்பிளில் ஓடும் சந்தாக்களை ரத்து செய்து, மிச்சமிருக்கும் பேலன்ஸையும் தீர்த்த பிறகே மாற்ற முடியும். ஆகவே அவசரத்துக்கு நாட்டை மாற்றாதீர்கள். தற்போதைய காலம் முடியும்வரை அண்ணனே கட்டட்டும். முடிந்ததும் இந்திய அக்கவுன்ட்டில் புதிதாக வாங்குவது சுலபம், செலவும் குறைவு.

இந்த நான்கையும் பார்த்தும் எடுக்கவில்லையென்றால் வங்கிக் கிளைக்குப் போங்கள். பரிவர்த்தனையைத் தடுத்தது யார், என்ன காரணம் என்பது அவர்கள் சிஸ்டத்தில் தெரியும். சாஃப்ட்வேர் கம்பெனியால் அதைப் பார்க்க முடியாது.

## பில் தொகை கணக்குக்கு ஒத்துவரவில்லை

மாதத்தின் நடுவில் பெரிய பிளானுக்கு மாறினால் தொகை முழு எண்ணாக வராது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 நாள் மாதம், பழைய பிளான் ரூ.500, புதியது ரூ.900. 12 நாள் ஓடிய பிறகு மாறுகிறீர்கள். மீதி 18 நாளுக்குப் பழைய பிளானில் உங்கள் வரவு ரூ.300. அதே 18 நாளுக்குப் புதிய பிளானின் விலை ரூ.540. வித்தியாசம் ரூ.240, வரி ரூ.43.20, ஆக ரூ.283.20 பிடிப்பார்கள். பில் தேதி பழையபடியே இருக்கும்.

சில கம்பெனிகள் மாறிய நாளையே புதிய மாதத்தின் முதல் நாளாக்கிவிடும். அப்போது ரூ.900-இல் ரூ.300-ஐக் கழித்து, ரூ.600-க்கு வரி ரூ.108 சேர்த்து ரூ.708 பிடிக்கும். இரண்டு கணக்கில் எது உங்கள் பில்லோடு பொருந்துகிறது என்று பார்த்தாலே பாதி குழப்பம் தீரும். முதல் வகையா இரண்டாம் வகையா என்பது உறுதிசெய்யும் பக்கத்தில் "இன்று கட்ட வேண்டியது", "அடுத்த பில் தேதி" என்ற இரண்டு வரியில் இருக்கிறது. பட்டனை அழுத்தும் முன் அந்த இரண்டு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

இரண்டுக்கும் ஒத்துவரவில்லையா? யூசர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ரூ.900 என்றால் ஐந்து ஆளுக்கு ரூ.4,500. வேலையை விட்டுப் போனவர் பெயரும் எண்ணிக்கையில் இருக்கும். டாலர் பில் என்றால் வங்கி மாற்றுக் கட்டணம் எடுத்து, அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி.யும் எடுக்கும். அது சாஃப்ட்வேர் ரசீதில் தெரியாது, வங்கி ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும். ஒன்று இரண்டு ரூபாய் தனியாகப் போயிருந்தால் அது கார்டு சரிபார்ப்பு, தானாகத் திரும்பிவிடும்.

## இரண்டு இடத்திலிருந்து காசு போகிறது

போனில் பிளே ஸ்டோர் வழியாக ஒரு பிளான், கம்ப்யூட்டரில் வெப்சைட் வழியாகப் பெரிய பிளான். ஒரே சாஃப்ட்வேராக இருந்தாலும் இவை இரண்டு தனிச் சந்தாக்கள். வெப்சைட்டில் மாற்றியதால் பிளே ஸ்டோர் சந்தா நிற்காது. ஆப்பை டெலீட் செய்தாலும் நிற்காது.

நிறுத்தும் இடம்: ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஐபோனில் செட்டிங்ஸ் போய், மேலே உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ். பிளே ஸ்டோரில் பல கூகுள் ஐ.டி. இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

ரத்து செய்த பிறகும் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று கவனியுங்கள். கார்டு ஆட்டோபேயில் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவலிலேயே விலகும் வழியும் இருக்கும். அந்த ஒரு நாள்தான் உங்கள் கையில் இருக்கும் அவகாசம். விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டால் அந்த மாதக் காசு போனதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வருட ஒப்பந்தத்தில் இருக்கும்போது வங்கிப் பக்கம் மேண்டேட்டை மட்டும் ரத்து செய்தால் சந்தா ரத்தாகாது. காசு வராத கணக்காக நிற்கும், லைசென்ஸ் முடங்கும், பாக்கி உங்கள் பெயரில் ஏறும். முதலில் சாஃப்ட்வேர் பக்கத்தில் ரத்து, பிறகு மேண்டேட் ரத்து. இந்த வரிசை மாறக் கூடாது.

## சின்ன பிளானுக்கு மாற விடவில்லை

பெரிய பிளானுக்கு மாறினால் உடனே நடக்கும். சின்ன பிளானுக்கு மாறினால் பெரும்பாலும் கட்டிய காலம் முடிந்த பிறகே நடக்கும். "மாற்றியும் பழையதே ஓடுகிறது" என்றால் பில்லிங் பக்கத்தில் மாற்றம் எந்தத் தேதிக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தேதி இருந்தால் கோளாறு இல்லை. அதுவரை கட்டிய காசுக்குப் பெரிய பிளானை அனுபவிக்கலாம்.

மாற்றும் பட்டனே மங்கலாக இருந்தால் யூசர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருக்கும். சின்ன பிளானில் 3 பேர்தான் அனுமதி என்றால் 5 பேர் இருக்கும்வரை விடாது. ஆளை நீக்கும் முன் அவர் பெயரில் இருக்கும் ஃபைல்களை இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இதை மறந்தால் ஆளோடு ஃபைலும் போய்விடும்.

இவை இல்லையென்றால் மிஞ்சுவது ஒப்பந்தம், இதுதான் காசு கரையும் இடம். கூகுள் வொர்க்ஸ்பேஸ் வருட ஒப்பந்தத்தில் ஆட்களைக் கூட்டலாம், புதுப்பிக்கும் நாள்வரை குறைக்க முடியாது. கம்பெனிகளுக்கான மைக்ரோசாஃப்ட் 365-இல் வாங்கிய அல்லது புதுப்பித்த 7 நாளுக்குள் குறைக்கலாம். தாண்டினால் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஃபோட்டோஷாப் தரும் அடோபியில் "வருட ஒப்பந்தம், மாதம் மாதம் பில்" என்ற வகையை முதல் 14 நாளுக்குள் விட்டால் முழுப் பணமும் வரும். அதன் பிறகு விட்டால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மாதம் ரூ.1,000 என்று வைத்துக்கொண்டு 4 மாதத்தில் விட்டால், மீதி 8 மாதத்துக்கு ரூ.8,000, அதில் பாதி ரூ.4,000.

கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, அந்த இரண்டு மாதம் பிளானை நிறுத்தினால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். வருட ஒப்பந்தத்தில் மாதம் ரூ.1,000, ஒப்பந்தமில்லாத மாதச் சந்தா ரூ.1,500 என்று வைப்போம். வருட ஒப்பந்தம் ரூ.12,000. ஒப்பந்தமில்லாமல் 10 மாதம் எடுத்தால் ரூ.15,000. வருடத்தில் 8 மாதத்துக்குக் குறைவாக ஓட்டினால்தான் மாதச் சந்தா லாபம். தை தொடங்கி ஆனி வரை மட்டும் வேலை பார்த்து மீதி நாள் விவசாயத்தைப் பார்ப்பவருக்கு மாதச் சந்தா பொருந்தும். ஆவணி, ஐப்பசி, கார்த்திகையிலும் வேலை எடுப்பவருக்குப் பொருந்தாது. உரக்கடைக்கும் இதே கணக்குதான். குறுவைக்கும் சம்பாவுக்கும் மட்டும் இரண்டாவது பில்லிங் கவுன்ட்டர் தேவைப்பட்டால் கூடுதல் யூசரை மாதச் சந்தாவில் எடுங்கள். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதை எதிர்பார்த்து மே கடைசியிலேயே சேர்த்துவிட்டால், கூட்டம் வரும் நாளில் லைசென்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒப்பந்தத்திலிருந்து வெளியேறவே வேண்டும் என்றால் முதலில் ரத்து பட்டனைத் தொடாமல் சாட்டில் பேசுங்கள். ரத்து செய்வதைவிட அதே கம்பெனியின் சின்ன பிளானுக்கு மாற்றித் தரச் சொல்வது நடக்கக்கூடியது. அபராதமும் பெரும்பாலும் விழாது. சாட்டின் நகலை மெயிலில் வாங்கிவிடுங்கள்.

## பிளான் குறைத்ததும் மெயில் வரவில்லை, ஃபைல் ஏறவில்லை

பிளான் குறைந்தது, ஃபைல் குறையவில்லை. கூகுளில் இலவச அளவு 15 ஜி.பி.; ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதற்குள். 100 ஜி.பி. பிளானை நிறுத்திய அன்று உள்ளே 60 ஜி.பி. கிடந்தால் எதுவும் உடனே அழியாது. ஆனால் புதிதாக எதுவும் ஏறாது, மெயில் போகாது, வராது. வெளியிலிருந்து அனுப்புபவருக்குத் திரும்பிவிடும். ஆர்டர் வரும் மெயில் என்றால் அன்றே வியாபாரம் பாதிக்கும். இப்படி அளவு மீறிய நிலையிலேயே 2 வருடம் கிடந்தால் கூகுள் அழிக்கலாம்.

மைக்ரோசாஃப்டில் ஒன்டிரைவ் இலவச அளவு 5 ஜி.பி.தான், அவகாசமும் குறைவு. அளவு மீறினால் ஃபைல்களைப் பார்க்கலாம், இறக்கலாம், ஏற்ற முடியாது. 6 மாதம் அப்படியே விட்டால் அழிக்கப்படலாம். வேர்டு, எக்செல் சந்தா முடிந்தால் திறந்து பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்த முடியாது.

சரிசெய்யும் வரிசை:

1. புதிதாக எதையும் அழிக்காமல் முதலில் முழுவதையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் இறக்குங்கள். கூகுளுக்கு டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. 60 ஜி.பி. இறங்க நல்ல பிராட்பேண்டிலேயே சில மணி நேரம் ஆகும். இரவில் போடுங்கள், யு.பி.எஸ். இருக்கட்டும்.
2. இறக்கியதில் பத்துப் பதினைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப் ஆகாது.
3. பிறகு பெரிய ஃபைல்களிலிருந்து அழியுங்கள். டிராஷைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். குறைந்த அளவு திரையில் தெரிய ஒரு நாள்கூட ஆகலாம்.
4. அவசரமாக மெயில் வேண்டும், இறக்க நேரமில்லை என்றால் பழைய பிளானை ஒரு மாதம் மட்டும் மறுபடி எடுங்கள். காசு மறுபடி கட்டலாம் என்று இந்தப் பக்கத்தில் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

குடும்ப பிளானில் இருந்தவருக்குத் திடீரென்று இந்த அறிகுறி வந்தால் கோளாறு அவர் போனில் இல்லை. கூகுள் ஒன் பிளானை ஒருவர் இன்னும் 5 பேரோடு பகிரலாம். மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி மொத்தம் 6 பேருக்கு. தலைப்பில் இருப்பவர் பிளானை மாற்றினாலோ நிறுத்தினாலோ மற்ற எல்லோரும் அன்றே இலவச அளவுக்கு இறங்கிவிடுவார்கள். மாற்றும் முன் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், வெளிநாட்டில் இருப்பவருக்கும் சேர்த்து.

அழிந்துபோனது தெரிந்தால் அதற்கு மேல் அந்த அக்கவுன்ட்டில் எதையும் செய்யாமல் கம்பெனி சப்போர்ட்டில் அன்றே கேளுங்கள். உள்ளூர் டேட்டா ரெக்கவரி கடையால் கம்ப்யூட்டர் டிஸ்கிலிருந்து எடுத்துத் தர முடியும். கிளவுடில் போனதை எடுக்க முடியாது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

## டேலியில் எடிஷன் மாற்றியதும் எஜுகேஷனல் மோட் காட்டுகிறது

கணக்கு சாஃப்ட்வேரான டேலி, லைசென்ஸ் இல்லாதபோது எஜுகேஷனல் மோட் என்ற பயிற்சி முறையில் ஓடும். அதில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும். டேட்டா போகவில்லை, லைசென்ஸ் மட்டும் ஏறவில்லை, பயப்பட வேண்டாம். நெட் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்1 அழுத்தி செட்டிங்ஸில் லைசென்ஸ் போய் ரீஆக்டிவேட் கொடுங்கள். பதிவு செய்த மெயிலுக்குச் சாவி வரும். அந்த மெயில் யாரிடம் என்று தெரியாததுதான் பாதிப் பேரின் பிரச்சினை.

ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சில்வரிலிருந்து கோல்டுக்கு மாறி, முதல் கம்ப்யூட்டரில் சரியாக வந்து, இரண்டாவதில் மட்டும் வரவில்லை என்றால் லைசென்ஸைத் திரும்ப வாங்க வேண்டாம். கோல்டு, ஒரே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரு லைசென்ஸைப் பகிரும் முறை. இரண்டாவது கம்ப்யூட்டரின் லைசென்ஸ் அமைப்பில் முதல் கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுங்கள். முதல் கம்ப்யூட்டர் ஆனில் இருக்க வேண்டும், ஃபயர்வால் தடுக்கக் கூடாது. கரண்டு போய் வந்ததும் ரவுட்டர் புது முகவரி கொடுத்துவிடும். அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு நிலையான முகவரி வைத்துவிடச் சொல்லுங்கள்.

டி.எஸ்.எஸ். என்ற டேலியின் சேவைச் சந்தா முடிந்தால் நிரந்தர லைசென்ஸ் நிற்காது. இ-இன்வாய்ஸ் போன்ற நெட் வழி வசதிகள்தான் நிற்கும். புதிய ரிலீஸுக்கு மாற்றிய டேட்டாவைப் பழைய ரிலீஸில் திறக்க முடியாது என்பதால் மாற்றும் முன் கம்பெனி ஃபோல்டரை பென்டிரைவில் நகலெடுங்கள். பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யும் முன் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். செய்யாமல் டிஸ்க் போய்விட்டால் அது டீலரைக் கூப்பிட வேண்டிய கட்டம்.

## புதிய பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லை

தனிநபர் பிளானிலிருந்து பிசினஸ் பிளானுக்கு மாறும்போது ஜி.எஸ்.டி. எண் தானாக வராது. பில்லிங் பக்கத்தில் வரி விவரம் என்ற இடத்தில் போட வேண்டும். எண் இல்லாத பில்லுக்கு 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள, முடியாது. பழைய பில்லைப் பெரும்பாலும் திருத்தித் தர மாட்டார்கள், எனவே மாற்றும் பட்டனை அழுத்தும் முன்பே போட்டுவிடுங்கள்.

எண்ணை ஏற்க மறுத்தால் மாநிலத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும். காரைக்கால் கடைகளின் எண் 34-இல் தொடங்கும், அது புதுச்சேரி. முகவரியில் தமிழ்நாடு என்று விட்டிருந்தால் 34-ஐ ஏற்காது. திருநள்ளாறு, நிரவி பகுதிக் கடைகள் முகவரியில் மாநிலத்தை முதலில் சரிசெய்ய வேண்டும்.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால் பில்லில் வரி மறைந்துவிடும். வரி மிச்சமாகவில்லை, ரிவர்ஸ் சார்ஜ் முறையில் அதை நீங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் கட்ட வேண்டும், திரும்ப எடுக்கவும் முடியாது. வரியில்லாத பில் வந்த அன்றே ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

## அட்மின் ஐ.டி. நின்றுபோன ஆளிடம் இருக்கிறது

பிளானை மாற்ற உரிமை அட்மினுக்கு மட்டும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் முதலில் போன் செய்து, நயமாகக் கேட்டு, ஓ.டி.பி. வாங்கி உரிமையை மாற்றுங்கள். இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அவர் கிடைக்கவில்லை, ஆனால் மெயில் கடையின் சொந்த டொமைனில் இருக்கிறது என்றால் டொமைன் உங்களுடையது என்று டி.என்.எஸ். பதிவு (டொமைனின் அமைப்பில் போடும் ஒரு வரி) சேர்த்து நிரூபிக்கலாம். வெப்சைட் செய்து கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். அட்மின் ஐ.டி. நின்றுபோனவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால் கடைசி மூன்று பில், வங்கி ஸ்டேட்மென்ட் இரண்டையும் வைத்துக் கம்பெனிக்கு எழுத வேண்டும்.

## ரீஃபண்டு தருவதாகச் சொல்லித் தரவில்லை

கார்டு ரீஃபண்டுக்கு 5 முதல் 7 வேலை நாள் விடுங்கள். அதற்குள் வங்கியில் தகராறு புகார் போடாதீர்கள். அப்படிப் போட்டால் கம்பெனி உங்கள் அக்கவுன்ட்டையே முடக்கலாம், உள்ளே இருக்கும் ஃபைலோடு. எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகே அந்த வழிக்குப் போங்கள். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், தமிழிலேயே பேசலாம்.

கம்பெனியின் எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். தேடலில் மேலே வரும் "கஸ்டமர் கேர்" எண்களில் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆப்புக்குள் லாகின் செய்த பிறகு தெரியும் ஹெல்ப் பகுதியை மட்டும் நம்புங்கள். ரீஃபண்டு வாங்க யு.பி.ஐ. பின் போட வேண்டியதில்லை. பின் கேட்டாலே காசு உங்களிடமிருந்து போகப் போகிறது என்று பொருள். உங்கள் போனை வெளியிலிருந்து இயக்க விடும் ஆனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போடச் சொன்னாலும் அப்படியே. ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் போனின் நெட்டை அணைத்துவிட்டு, இன்னொருவர் போனிலிருந்து முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். உடனே வங்கியில் சொல்லி கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள், புகார் எண் வாங்குங்கள். அந்த ஆப்பை டெலீட் செய்வது, பாஸ்வேர்டு மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு.